டாம் அண்ட் ஜெர்ரி: வீட்டுக்கு எந்தத் தொகுப்பை வாங்கலாம்?

வீட்டில் குழந்தை இருக்கிறது, பெரியவர்களும் கூட உட்கார்ந்து சிரிக்க வேண்டும், யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்து அலுத்துவிட்டது. டிஸ்க்காக வாங்கிவிடலாம் என்று தேடினால் ஒரே பூனையும் எலியும் பத்துப் பதினைந்து அட்டைகளில் வந்து நிற்கும். கோல்டன் கலெக்‌ஷன், ஸ்பாட்லைட் கலெக்‌ஷன், ஆன்தாலஜி, டீலக்ஸ் என்று பெயர்கள் வேறு குழப்பும். ‘கோல்டன்’ என்ற சொல்லே இரண்டு வெவ்வேறு வெளியீடுகளில் இருக்கிறது. ஒன்றில் 37 படங்கள், மற்றதில் 114.

முதலில் இந்த எண்களைத் தெரிந்துகொள்வோம். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் 1940 முதல் 1958 வரை எடுத்தவை 114. அதன்பின் ஜீன் டைட்ச் பிராகாவில் 13 எடுத்தார். அடுத்து சக் ஜோன்ஸ் 1963-67இல் 34. திரையரங்குக்காக எடுத்த அந்தக் காலக் குறும்படங்கள் ஆக மொத்தம் 161. ஏழு ஆஸ்கர்களும் முதல் 114க்குள்தான் வருகின்றன. நம்மில் பலர் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ என்று மனத்தில் வைத்திருப்பதும் அவற்றைத்தான். தொலைக்காட்சிக்காக எடுத்த பிற்காலத் தொடர்கள் வேறு சரக்கு. அட்டையின் முன்பக்கப் படத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பின்பக்கத்தில் படப்பெயர்களும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

எதை வைத்து எடைபோடுவது

*எத்தனை படம், எந்தப் படம்.* ஒரு படம் சுமார் 7 நிமிடம். 114 படங்களும் சேர்ந்தால் 13 மணி நேரத்துக்குச் சற்று மேலே. பத்துப் படம் உள்ள டிஸ்க் என்றால் ஒரு மணி பத்து நிமிடம். நான்கு டிஸ்க் வாங்கினால் நாற்பது படம் கிடைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ‘த கேட் கான்செர்ட்டோ’ போன்ற பிரபலமானவற்றைத் திரும்பத் திரும்ப எல்லாத் தொகுப்பிலும் போடுவார்கள்.

*வெட்டு உண்டா.* 1940களின் அமெரிக்கப் படங்கள் இவை. வெடி வெடித்ததும் முகம் கரியாகி, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் உருவமாக மாறும் காட்சிகள் பல உண்டு. வீட்டுவேலை செய்யும் மாமி டூ ஷூஸ் பாத்திரமும் அன்றைய இனக்கேலி வார்ப்புதான். அதற்கு லிலியன் ராண்டால்ஃப் குரல் கொடுத்தார். 1990களில் தியா விடால் குரலில் மறுபதிவு செய்தார்கள். எந்தத் தொகுப்பில் எது வெட்டுப்பட்டது, எந்தக் குரல் இருக்கிறது என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும்.

*படத்தின் தரம்.* டிவிடி 720க்கு 480 புள்ளிகள். ப்ளூ-ரேயில் 4:3 படம் 1440க்கு 1080 புள்ளிகளை நிரப்பும். கையால் மை தீட்டிய கோடுகளும் நீர்வண்ணப் பின்னணியும் பெரிய திரையில் தனித்தனியாகத் தெரிவது ப்ளூ-ரேயில்தான். எம்ஜிஎம் கார்ட்டூன்களின் மூல நெகட்டிவ்களில் பல தீவிபத்தில் போய்விட்டதால் எல்லாப் படமும் ஒரே தெளிவில் இருக்காது. அதை டிஸ்க்கின் குறை என்று எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

*உங்கள் பிளேயரில் ஓடுமா.* பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று டிவிடிகளை மண்டலம் பிரித்துப் பூட்டியிருப்பார்கள். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5ஆம் மண்டலம், சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, அமெரிக்காவும் கனடாவும் 1. நல்ல தொகுப்புகள் பெரும்பாலும் மண்டலம் 1 டிவிடிகள். ப்ளூ-ரேயில் ஏ, பி, சி என்று மூன்றே பிரிவுகள். இந்தத் தொகுப்புகளை வெளியிடும் வார்னர் நிறுவனத்தின் ப்ளூ-ரேக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூட்டே கிடையாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவருக்கு டிவிடியைவிட ப்ளூ-ரே தொல்லை குறைந்தது.

*நாளாவட்டத்தில் தாங்குமா.* புதியது என்றால் இந்தக் கேள்வி சின்னது. பழையது வாங்குபவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

1. ஸ்பாட்லைட் கலெக்‌ஷன்: மூன்று டிவிடி தொகுப்புகள்

2004, 2005, 2007 என மூன்று முறை வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு டிஸ்க். முதல் இரண்டில் 40 படங்கள் வீதம். மூன்றும் சேர்ந்தால் 114இல் இரண்டு தவிர மற்ற எல்லாம் வந்துவிடும். விடுபட்டவை 1948இன் ‘மவுஸ் க்ளீனிங்’, 1951இன் ‘காசநோவா கேட்’. இரண்டுமே கரிமுகக் கேலிக்காக நீக்கப்பட்டவை. மூன்றாம் தொகுப்பில் உள்ள ‘ஹிஸ் மவுஸ் ஃப்ரைடே’ படத்திலும் கைவைத்திருக்கிறார்கள். மாமி டூ ஷூஸ் வரும் சில படங்களில் கேட்பது மறுபதிவுக் குரல்.

டிஸ்க்குக்கு 20 படம் என்பது நிதானமான அளவு. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியில் 140 நிமிடம் வைத்தால் நொடிக்குச் சுமார் 8 மெகாபிட் கிடைக்கும். துரத்தல் காட்சியிலும் கட்டம் கட்டமாக உடையாது.

இதில் மறைந்திருக்கும் செலவு மூன்றாம் தொகுப்பு. 2006 முதல் 2008 வரை வார்னருக்காக அமெரிக்காவில் அச்சான டிவிடிகளில் ஒரு பகுதி தானாகவே கெட்டுப்போகிறது. வார்னரே 2025இல் இதை ஒப்புக்கொண்டது. கீறல் ஒன்றும் இருக்காது, பளபளவென்றும் இருக்கும், ஆனாலும் பாதிப் படம் தாண்டியதும் உறைந்து நிற்கும். 2007இல் வந்த மூன்றாம் தொகுப்பு சரியாக அந்தக் காலத்தில் விழுகிறது. ‘சீல் பிரிக்காதது’ என்று கூடுதல் விலை சொல்வார்கள். சீல் பிரிக்காமல் இருந்தாலும் உள்ளே கெடுவது நிற்காது. அந்த அடைமொழிக்குப் பணம் தர வேண்டியதில்லை.

மண்டலம் 1 என்பதால் பிளேயர் இன்னொரு செலவு. மலிவான டிவிடி பிளேயர்கள் பலவற்றை ரிமோட்டில் ஓர் எண்வரிசை அழுத்தி மண்டலப் பூட்டிலிருந்து விடுவிக்கலாம். மாடல் எண்ணைக் கொண்டு தேடினால் கிடைக்கும். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். அதற்குப்பின் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

*யாருக்கு ஏற்றது:* வீட்டில் ப்ளூ-ரே பிளேயர் இல்லை, 32 அங்குல டிவிதான், பழைய டிஸ்க் வாங்கத் தயக்கமில்லை என்பவர்களுக்கு. முதல் இரண்டு தொகுப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 80 படங்கள் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

2. கோல்டன் கலெக்‌ஷன், முதல் தொகுதி: ப்ளூ-ரே

2011இல் வந்தது. இரண்டு டிஸ்க், 37 படங்கள், 1940 முதல் 1948 வரை ஆண்டு வரிசையில். உயர் தெளிவில் வந்த முதல் முறையான தொகுப்பு இது. பெயரில் ‘முதல் தொகுதி’ என்றிருப்பதைப் பார்த்து இரண்டாவதைத் தேடி அலையாதீர்கள், அது வரவே இல்லை. 2013இல் அறிவித்தார்கள். பட்டியலில் அதே இரண்டு படங்களும் இல்லாததைக் கண்டு சேகரிப்பாளர்கள் கொதித்தெழுந்ததும் நிறுத்திவிட்டார்கள். வரிசைப்படி 37ஆவது ‘ப்ரொஃபசர் டாம்’, 38ஆவது ‘மவுஸ் க்ளீனிங்’. வெட்ட நினைத்த படம் இரண்டாம் தொகுதியின் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததால் மறைக்கவும் வழியில்லை.

எண்ணிக்கை குறைவு, ஆனால் ரசத்தில் குறைவில்லை. ‘த யாங்க்கி டூடுல் மவுஸ்’, ‘மவுஸ் ட்ரபிள்’, ‘கொயட் ப்ளீஸ்’, ‘த கேட் கான்செர்ட்டோ’ என ஏழில் நான்கு ஆஸ்கர் படங்கள் இதற்குள்ளேயே இருக்கின்றன. ‘டீ ஃபார் டூ’, ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் மவுஸ்’ இரண்டும் உண்டு. இல்லாதவை: ‘த டூ மவுஸ்கெட்டியர்ஸ்’, குட்டி வாத்து வரும் படங்கள், 1954க்குப் பிந்தைய அகலத்திரைப் படங்கள். உங்கள் பிள்ளைக்கு வாத்துதான் உயிர் என்றால் இந்தப் பெட்டியைத் திறந்ததும் ஏமாற்றம்.

ஆண்டு வரிசைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. 1940இன் முதல் படம் ‘புஸ் கெட்ஸ் த பூட்’ மெதுவாக நகர்வது. அதில் பூனையின் பெயர்கூட ஜாஸ்பர்தான். ‘எல்லாம் ஓட்டு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போனால் ஐந்து வயதுப் பிள்ளை இரண்டாவது படத்துக்குள் எழுந்து ஓடிவிடும். மெனுவிலிருந்து 1942இன் ‘த பவுலிங் ஆலி கேட்’ போட்டுத் தொடங்குங்கள்.

*யாருக்கு ஏற்றது:* படத்தெளிவுக்கும் ஸ்காட் பிராட்லியின் இசைக்கும் முதலிடம் தருபவர்களுக்கு, அதுவும் மலிவாகக் கிடைத்தால். கீழே உள்ள மூன்றாவதை வாங்கும் எண்ணம் இருந்தால் இது தேவையே இல்லை.

3. கோல்டன் எரா ஆன்தாலஜி, 1940-1958: ப்ளூ-ரே

2025 டிசம்பரில் வந்தது. 114 படங்களும் ஒரே பெட்டியில், வெட்டின்றி. இருபது ஆண்டுகளாக விடுபட்டே வந்த அந்த இரண்டு படங்களும் இதில் இருக்கின்றன. சேகரிப்பாளர்களுக்கு இதற்குமேல் கேள்வி இல்லை.

குடும்பங்களுக்குக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. வெட்டாதது என்றால் எல்லாமே இருக்கும். இனக்கேலி, சுருட்டு, துப்பாக்கி, 1956இன் ‘ப்ளூ கேட் ப்ளூஸ்’ படத்தில் மனமுடைந்த டாமும் ஜெர்ரியும் ரயில் தண்டவாளத்தில் உட்காரும் முடிவு, ‘ஹெவன்லி புஸ்’ படத்தின் நரகக் கொப்பரை. ரிமோட்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போவதற்கான பெட்டி அல்ல இது. முதல் வாரம் பெரியவர் ஒருவர் பார்த்து, எந்த டிஸ்க்கில் எவை வேண்டாம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அட்டைக்குள் வைத்துவிட்டால் போதும். பத்துப் பன்னிரண்டு படங்களுக்குமேல் பட்டியல் போகாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் தவிர்ப்பதைவிட, அன்று ஏன் இப்படி வரைந்தார்கள் என்று பேசிவிடுவது மேல். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

அகலத்திரைப் படங்களை அவற்றின் முழு அகலத்தில் பார்ப்பதுதான் முறை. 4:3 டிவிக்காகத் தயாரித்த பழைய பிரதிகளில் இரண்டு ஓரமும் போய்விடும், ஓரத்தில் நிற்கும் ஜெர்ரியும் கூடவே போய்விடுவான்.

மறைச் செலவு பிளேயர். ப்ளூ-ரே பிளேயர் இப்போது கடைகளில் அரிது. டிஸ்க் டிரைவ் உள்ள ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ப்ளூ-ரே ஓடும். டிஜிட்டல் பதிப்பில் டிரைவ் இருக்காது. கணினிக்கு யூஎஸ்பி ப்ளூ-ரே டிரைவ் மட்டும் வாங்கினால் வேலை முடியாது. நகலெடுக்க முடியாதபடி பூட்டிய ப்ளூ-ரேயை விஎல்சி பிளேயர் மென்பொருள் அப்படியே ஓட்டாது, தனியாக மென்பொருள் வாங்க வேண்டும். இறக்குமதி என்றால் சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியர்காரர் வாங்கும் கையாளும் கட்டணம் மூன்றும் சேரும். விற்பவரிடம் ‘வரி உட்பட விலையா’ என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் ஒரு மூலை கிடைத்தால் அதுதான் சிக்கனம்.

*யாருக்கு ஏற்றது:* ஒரே முறை வாங்கி முடித்துவிட வேண்டும், ப்ளூ-ரே ஓட்ட வழியும் இருக்கிறது என்பவர்களுக்கு. படத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், மற்றவற்றை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதைவிட இது கட்டுப்படியாகும்.

4. தனி டிஸ்க்குகள்: பண்டிகை, துரத்தல், இசை என்று தலைப்பிட்டவை

பத்துப் பன்னிரண்டு படங்கள், ஒரு தலைப்பு, மலிவு விலை. கடையில் எளிதாகக் கையில் கிடைப்பவை இவைதான். உள்ளூர்ப் பதிப்பு என்றால் மண்டலத் தொல்லையும் இல்லை. சர்ச்சைக்குரிய படங்களைப் பொதுவாகத் தவிர்த்தே தொகுத்திருப்பார்கள்.

ஆனால் ஒன்றுக்குமேல் வாங்கினால் பணம் கரையும். நான்காவது டிஸ்க் வாங்கும்போது அதில் பாதிக்குமேல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். ஹன்னா-பார்பெரா படங்களோடு பிற்காலத் தொலைக்காட்சிப் படங்களைக் கலந்து நிரப்புவதும் உண்டு. கிடைப்பது பழைய விசிடி என்றால் விட்டுவிடுங்கள். 352க்கு 288 புள்ளிப் படம் இன்றைய 43 அங்குலத் திரையில் களிம்பு பூசியது போல் இருக்கும்.

*யாருக்கு ஏற்றது:* நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை, டிஸ்க்கைத் தானே எடுத்துப் போடுகிறது, தரையில் தேய்க்கிறது என்றால் இதுதான் சரி. கெட்டாலும் மனம் வலிக்காது. பிரிட்டனிலிருந்து வரும் டிவிடி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அங்குள்ள பால் (PAL) தொலைக்காட்சி முறையில், நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படத்தை 25இல் ஓட்டுவார்கள். 7 நிமிடப் படம் 17 நொடி முன்னதாக முடியும், சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பிள்ளைக்குத் தெரியாது. ‘த கேட் கான்செர்ட்டோ’வில் டாம் வாசிக்கும் லிஸ்ட்டின் ஹங்கேரியன் ராப்சடியை அறிந்த காதுக்கு உறுத்தும்.

5. ஸ்ட்ரீமிங்கும் யூடியூபும்

மாதக் கட்டணம் ஏற்கெனவே கட்டுகிறீர்கள் என்றால் செலவு இல்லாத வழி. வசனம் குறைவான படங்கள் என்பதால் தமிழ் ஒலி இருக்கிறதா என்ற கவலையும் இல்லை. ஆனால் உரிமம் கைமாறினால் படங்கள் ஓரிரவில் காணாமல் போகும். 2025 மார்ச்சில் மேக்ஸ் தளம் தன் சொந்த நிறுவனத்தின் பழைய லூனி ட்யூன்ஸ் கார்ட்டூன்களையே தூக்கிவிட்டது.

யூடியூபில் அதிகாரபூர்வச் சேனலில் வருபவை பெரும்பாலும் துண்டுகளைக் கோத்த தொகுப்புகள். தலைப்பட்டை போய்விடும், நகைச்சுவை கட்டி எழும் முதல் இரண்டு நிமிடம் போய்விடும், அடிவிழும் இடம் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு அசைவுக்கும் இசை எழுதிய பிராட்லியை இடையில் வெட்டினால் பாட்டு நடுவில் அறுந்த மாதிரிதான். மற்றவர்கள் ஏற்றியவற்றில் படம் இடவலமாகத் திரும்பியிருக்கும், பெரிதாக்கப்பட்டிருக்கும், சுருதி மாறியிருக்கும். உரிமைக் கண்காணிப்பிலிருந்து தப்பச் செய்யும் வித்தை அது.

*யாருக்கு ஏற்றது:* பிள்ளைக்கு இது பிடிக்குமா என்றே தெரியாதவர்களுக்கு. ஒரு மாதம் பார்த்துவிட்டு டிஸ்க் வாங்கலாம்.

ஒரே பார்வையில்

| | ஸ்பாட்லைட் | கோல்டன் 1 | ஆன்தாலஜி | தனி டிஸ்க் | ஸ்ட்ரீமிங் |
|---|---|---|---|---|---|
| படங்கள் | மூன்றும் சேர்ந்து 2 குறைய எல்லாம் | 37 | 114 | 10 அளவில் | மாறிக்கொண்டே இருக்கும் |
| வெட்டு | சிலவற்றில் உண்டு | 1948க்குப் பிந்தியவை இல்லை | இல்லை | தேர்ந்தெடுத்தவை | தளத்தைப் பொறுத்தது |
| தெளிவு | டிவிடி | ப்ளூ-ரே | ப்ளூ-ரே | டிவிடி, சில விசிடி | இணைய வேகத்தைப் பொறுத்தது |
| மறைச் செலவு | மண்டலப் பூட்டு, கெடும் டிஸ்க் | தொடர்ச்சி இல்லை | பிளேயர், வரி | ஒரே படம் பலமுறை | தொடர் சந்தா |
| பிள்ளையைத் தனியே விடலாமா | பார்த்து | பார்த்து | கூடாது | பெரும்பாலும் விடலாம் | கட்டுப்பாடு வைத்தால் |

டைட்ச், சக் ஜோன்ஸ் தொகுப்புகள் அட்டவணையில் இல்லை. ஜோன்ஸின் 34 படங்கள் 2009இல் தனி டிவிடியாக வந்தன. வரைகலை அழகு, அடி குறைவு, கொஞ்சம் குளிர்ச்சி. டைட்ச்சின் 13 படங்கள் 2015இல் வந்தன. எதிரொலிக்கும் விநோத ஒலிகளோடு வேறோர் உலகம் அது. 114 படங்களையும் முடித்தபின் இந்த இரண்டையும் பாருங்கள்.

கள்ளப் பெட்டிகள்

‘161 எபிசோடும் ஒரே பெட்டியில்’ என்று மலிவாக வருவதை நம்பாதீர்கள். டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் ஊதா சாயலில் இருந்தால் வீட்டில் எரித்த டிஸ்க். நடுவளையத்தில் பொறித்த எண் இல்லை, படத்தின் மூலையில் தொலைக்காட்சிச் சின்னம் தெரிகிறது, ஒரே 4.7 ஜிபி டிஸ்க்கில் 40 படம் என்றால் சந்தேகமே வேண்டாம். நொடிக்கு 2 மெகாபிட் சொச்சத்தில் துரத்தல் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும்.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

பழைய டிவிடி வாங்கினால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். முதலில் டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேகம் படர்ந்த மாதிரி மங்கல் இருந்தால் துடைத்துப் பயனில்லை. அடுத்து நடுவில் உள்ள படங்களை, 20இல் 9 முதல் 12 வரை, முழுதாக ஓட்டுங்கள். இரட்டை அடுக்கு டிவிடியில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே படிக்கப்பட்டு, இரண்டாவது வெளியிலிருந்து உள்ளே திரும்பும். அடுக்கு மாறும் அந்த இடத்திலும் அதற்குப் பிறகும்தான் கெட்ட டிஸ்க் காட்டிக்கொடுக்கும். முதல் படமும் கடைசிப் படமும் மட்டும் பார்த்துவிட்டு ‘நன்றாக ஓடுகிறது’ என்று முடிவுகட்டினால் தப்பிவிடும். கணினியில் டிரைவ் இருந்தால் பிளேயர்மேல் பழி போகாமலிருக்க அதிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

விரல் ரேகை இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கடற்கரை ஊர்களில் அட்டைக் காகிதத்தில் பூஞ்சை ஏறும். பெட்டிகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

கடைசியாக டிவி அமைப்பு. 1954க்கு முந்தைய படங்கள் எல்லாம் ஏறத்தாழ 4:3. இடமும் வலமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. பட்டையைப் போக்கப் படத்தை இழுத்துவிட்டால் டாம் குண்டாகிவிடுவான். அகலப்படுத்தும் வசதியை அணைத்து, பிளேயரில் டிவி வகையை 16:9 என்று ஒருமுறை குறித்துவிடுங்கள்.